பி.சி.ஜி. தந்த பேரறிஞர் ஆல்பர்ட் கால்மெட்

(பத்தாம் வகுப்பு மாணவி, விஸ்வநத்தம்)

நம் இடக்கையின் மேற்புறத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு வடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பள்ளித் தோழியருள் பெரும்பாலோருக்கு அது உண்டு. அம்மை குத்திய தழும்பு என்று சிலர் சொல்வார்கள். பாட்டிமாரின் கையில் உள்ளதற்கு அது பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. பெரியம்மை 1970-களிலேயே நம் நாட்டை விட்டு ஒழிந்துவிட்டது. நம் கையில் இருப்பது, நாம் பிறந்த உடனேயே போடப்பட்ட காசநோய்த் தடுப்பூசி விட்டுச் சென்ற அடையாளம். பி.சி.ஜி. என்பது அதன் பெயர். அம்மூன்றெழுத்தில் நடுவெழுத்துக்கு உரியவர் ஆல்பர்ட் கால்மெட். கடைசி எழுத்துக்கு உரியவர் அவருடைய துணைவராகிய கமில் கெரின். முதலெழுத்து பாசில்லஸ், அதாவது கோல் வடிவக் கிருமி.

காசநோயை நம் முன்னோர் சயரோகம் என்றும் என்புருக்கி என்றும் அழைத்தனர். எலும்பையே உருக்கிவிடுமோ என்று அஞ்சும்படி உடலை மெலியச் செய்வதால் வந்த பெயர் அது. 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், இந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார். கிருமியைக் கண்டாரேயன்றி அதை அடக்கும் வழியை அவர் காணவில்லை. 1897-இல் லிசியு நகர்ச் சிறுமலர் தெரேசம்மாள் தம் 24-ஆம் வயதில் இந்நோய்க்கே இரையானார். 1936-இல் ஜவாஹர்லால் நேருவின் துணைவியார் கமலா நேரு சுவிட்சர்லாந்தில் உயிர் நீத்ததும் இதனால்தான்.

எங்கள் விஸ்வநத்தத்தில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்து. பட்டாசுத் தொழில் நடக்கும் ஊரில் இருமல் புதிதன்று. யார் இருமினாலும் மருந்துத் தூசி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பது வழக்கம். தூசியால் வரும் இருமலும் காசநோயால் வரும் இருமலும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் இந்நோயைத் தடுக்க வழி தேடியவரின் வாழ்க்கை எங்களுக்கு வெறும் பாடப்புத்தக விஷயம் அன்று.

கால்மெட் 1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள் பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள நீஸ் நகரில் பிறந்தார். கடற்பயணத்தின் மேல் அவருக்கு இளமையிலேயே பெருவிருப்பம். 1881-இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் இருந்த கடற்படை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் ஹாங்காங் பக்கம் கப்பலேறினார். யானைக்கால் நோயைத் தரும் நூல் போன்ற புழுக்களை ஆராய்ந்து 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஆப்பிரிக்காவில் காபோன், காங்கோ நாடுகள். அதன் பின் வட அமெரிக்கக் கரையோரம் உள்ள செயின்ட் பியர், மிக்கலான் என்னும் சிறு தீவுகள். அத்தீவுகளில் மீன்பிடித்தலே தொழில். உப்பிட்டு வைத்த மீன் சில வேளைகளில் சிவந்து கெட்டுப்போகும். நம் ஊர்க் கருவாட்டு வியாபாரிக்கு அப்படி நேர்ந்தால் தூக்கி எறிந்துவிட்டு மறந்துவிடுவார். கால்மெட்டோ அந்த மீனைக் கொண்டுபோய் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நுண்ணுயிர்களே அதைக் கெடுக்கின்றன என்று கண்டார். ஆசிரியர் துணையின்றித் தாமே கற்ற முதல் பாடம் அது.

1890-இல் பாரிசுக்குத் திரும்பியவர் மாமேதை லூயி பாஸ்டரின் நிலையத்தில் எமில் ரூ என்பவரிடம் நுண்ணுயிரியல் பயின்றார். அடுத்த ஆண்டே, இன்று வியட்நாமில் உள்ள சைகோன் நகரில் ஒரு பாஸ்டர் நிலையத்தைத் தொடங்கும் பொறுப்பைப் பாஸ்டர் அவரிடம் ஒப்படைத்தார். அப்போது கால்மெட்டுக்கு வயது 28 கூட நிறையவில்லை. அம்மைக்கும் வெறிநாய்க்கடிக்கும் அங்கே தடுப்பு மருந்து தயாரித்தார்.

1891-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பாக் லியு என்னும் ஊரின் அருகே ஒரு கிராமத்தில் வெள்ளம் புகுந்தது. வளைகளிலிருந்து வெளியேறிய நாகப்பாம்புகள் குடிசைகளுக்குள் நுழைந்தன. 40 பேரைக் கடித்தன, நால்வர் இறந்தனர். பாம்பு பிடிப்பதில் வல்லவரான உள்ளூர்க்காரர் ஒருவர் 19 நாகங்களை உயிரோடு பிடித்தார். அவை ஒரு பீப்பாயில் அடைக்கப்பட்டுக் கால்மெட்டின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன! வேறொருவராயிருந்தால் பீப்பாயைத் திறக்கவே அஞ்சியிருப்பார். அவரோ நஞ்சைச் சேகரித்து ஆராயத் தொடங்கினார். விலங்குகளுக்கு முதலில் மிகச் சிறிய அளவிலும் பின் சிறுகச் சிறுகக் கூட்டியும் நஞ்சைச் செலுத்தினால், அவற்றின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது என்று கண்டார். பிரான்சுக்குத் திரும்பிய பின் குதிரைகளிடமிருந்து அந்த இரத்தநீரை எடுத்து, பாம்புக்கடிக்கு மருந்தாக்கினார். 1890-களின் நடுவில் இது நடந்தது.

இதில் அவர் ஒரு தவறும் செய்தார். நாகத்தின் நஞ்சுக்கு எடுத்த மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் என்று நம்பினார். கண்ணாடி விரியனின் நஞ்சை அது முறிக்கவில்லை என்பதை இந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. எந்தப் பாம்போ அந்தப் பாம்பின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்ய வேண்டும். இன்று நம் நாட்டில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சேர்த்து மருந்து தயாரிக்கிறார்கள். சென்னையை அடுத்துள்ள வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கு நஞ்சு எடுத்துக் கொடுத்துப் புகழ் பெற்றது.

பாம்பு நஞ்சு இரத்தத்தில் கலந்து ஓடும் பொருள். ஆகவே அதை முறிக்கும் பொருளும் இரத்தத்தில் ஓடினால் போதும். காசநோய்க் கிருமி அப்படிப்பட்டதன்று. அது நம் உடலின் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கிறது. இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள் அங்கே எட்டாது. பாம்புக்கடியில் வென்ற வழி காசநோயில் செல்லவில்லை. கால்மெட் இரண்டாவது வழி ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடல் அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

1895-இல் பிரான்சின் வடக்கே லீல் நகரில் அமைந்த பாஸ்டர் நிலையத்துக்கு அவர் இயக்குநரானார். லீல் நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்த ஊர். பஞ்சுத்தூசி, நெருக்கமான குடியிருப்புகள், காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகள், ஓயாத இருமல்! 1901-இல் ஏழைகளுக்கென்று காசநோய் மருத்துவ நிலையம் ஒன்றை அங்கே திறந்தார். பிரான்சில் அத்தகையது அதுவே முதல் என்பர். நோயாளிகள் வரட்டும் என்று அந்நிலையம் காத்திருக்கவில்லை. தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். உணவு உதவி கிடைத்தது. நோயாளியின் துணிகளைக் கிருமி நீக்கி வெளுத்துக் கொடுத்தனர். சளியைக் கண்ட இடத்தில் துப்பாதிருக்கக் கலயம் கொடுத்தனர். தடுப்பூசியைக் காட்டிலும் இந்த மருத்துவ நிலையமே எனக்கு அவர்மேல் அதிக மதிப்பை உண்டாக்கியது. சுரங்கத் தொழிலாளரின் கொக்கிப்புழு நோயைப் பற்றியும் நகரத்துக் கழிவு நீரைச் சுத்தம் செய்வதைப் பற்றியும்கூட அவர் ஆராய்ந்தார். அவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

1897-இல் கமில் கெரின் அவரோடு சேர்ந்தார். கெரின் ஒரு கால்நடை மருத்துவர். மனிதரின் மருத்துவரும் மாட்டின் மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்ததால்தான் பி.சி.ஜி. பிறந்தது எனலாம். மாடுகளுக்கு வரும் காசநோய்க் கிருமியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மெழுகு போன்ற போர்வை உடைய அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகும். அதைத் தவிர்க்க மாட்டுப் பித்தத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிளிசரின் கலந்த பித்தத்தில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் கிருமி வளர்ந்தது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அங்கே வளர வளரக் கிருமியின் கொடுமை குறைந்துகொண்டே வந்தது.

1908-இல் முறையாகத் தொடங்கினர். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, பழைய கிழங்கிலிருந்து சிறிது எடுத்துப் புதிய கிழங்கில் இட வேண்டும். மீண்டும் மூன்று வாரம். மீண்டும் புதிய கிழங்கு. இப்படி 230 முறை! மூன்றால் பெருக்கினால் 690 வாரங்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கும் சற்று அதிகம். ஒரு சிறுமி முதல் வகுப்பில் சேர்ந்து பள்ளிப் படிப்பு முழுவதையும் முடித்தாலும் இவர்கள் கிழங்கு மாற்றி முடிந்திருக்காது.

இடையில் முதல் உலகப் போர் மூண்டது. 1914 அக்டோபரில் ஜெர்மானியப் படை லீல் நகரைப் பிடித்தது. நான்காண்டுகள் அங்கேயே இருந்தது. உருளைக்கிழங்கின் விலை ஏறியது. மக்கள் உண்ணக் கிழங்கு கிடைக்காதபோது கிருமிக்குக் கிழங்கு! மாட்டுப் பித்தமும் அரிதாயிற்று; ஜெர்மானியப் படையின் கால்நடை மருத்துவர்களே அதைக் கொடுத்து உதவினர். ஆனால் அதே படை 1918-இல் கால்மெட்டின் மனைவியைப் பிணையாளாகப் பிடித்து ஜெர்மனிக்குக் கொண்டுசென்றது. போர் தொடங்கிய அந்த 1914-இலேயே அவருடைய சகோதரர் காஸ்தோன், புகழ்பெற்ற செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியர், தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இவ்வளவுக்கும் நடுவே மூன்று வாரத்துக்கொரு முறை கிழங்கு மாறிக்கொண்டே இருந்தது.

1921 ஜூலையில் பாரிசு மருத்துவமனை ஒன்றில் ஒரு குழந்தை பிறந்தது. தாய் காசநோயால் இறந்துவிட்டாள். குழந்தையை வளர்க்க இருந்த பாட்டிக்கும் அதே நோய். அக்குழந்தைக்கு நோய் வருவது ஏறத்தாழ உறுதி என்ற நிலையில், வெயில்-ஆலே என்னும் மருத்துவர் பி.சி.ஜி.யை வாய்வழியே புகட்டினார். குழந்தை நலமாக வளர்ந்தது. மனிதருக்குக் கொடுக்கப்பட்ட முதல் பி.சி.ஜி. அதுவே. ஊசியாகத் தோலுக்குள் போடும் முறை பின்னால் வந்தது.

அந்தக் கிருமி உடலுக்குள் சென்று என்ன செய்கிறது? கால்மெட்டின் காலத்து நுண்ணோக்கிகள் இதைக் காட்டவில்லை. இன்று நமக்குத் தெரியும். ஊசி போட்ட இடத்தில் நம் வெள்ளணுக்களின் இனத்தைச் சேர்ந்த விழுங்கு செல்கள் முதலில் ஓடிவந்து கிருமியை விழுங்குகின்றன. கிளை கிளையாக நீட்சிகள் உடைய வேறு வகைச் செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குச் செல்கின்றன. சில குழந்தைகளுக்கு ஊசிக்குப் பிறகு அக்குளில் நெறி கட்டுவது இதனால்தான். அங்கே கோடிக்கணக்கான டி செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடையாளத்தை மட்டுமே அறியக்கூடியது. காட்டப்பட்ட துண்டுக்குப் பொருந்துகிற டி செல் விழித்துக்கொண்டு பெருகுகிறது. அதன் படை ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பி வந்து இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கிறது. அது விழுங்கு செல்லுக்கு இடப்படும் கட்டளை. விழுங்கிய கிருமியை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் செல், கட்டளை வந்ததும் உள்ளேயே அமிலமும் நஞ்சும் சுரந்து அதை அழிக்கிறது.

இவ்வளவும் நடக்க நாளாகும். ஆகவேதான் ஊசி போட்ட மறுநாள் கையில் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்தே சிறு கட்டி எழும்புகிறது. உடைந்து புண்ணாகி, பொருக்குக் கட்டி, ஆறுமுதல் பன்னிரண்டு வாரத்தில் ஆறி வடுவாகிறது. ஊசி பழுத்துவிட்டதென்று தாய்மார் அஞ்ச வேண்டாம். செல்கள் வேலை செய்ததன் அறிகுறி அது. வேலை முடிந்தபின் டி செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். சில மட்டும் நினைவுச் செல்களாக எஞ்சி நிற்கும். உண்மையான கிருமி பின்னாளில் வரும்போது, இவை வாரக்கணக்கில் காத்திராமல் விரைந்து எழும்.

எங்கள் ஊர்ப் பாணியில் சொன்னால் பி.சி.ஜி. என்பது திரி பிடுங்கிய வெடி. காசநோய்க் கிருமியிடம் விழுங்கு செல்லை உடைத்துக்கொண்டு வெளியேற உதவும் மரபணுத் தொகுதி ஒன்று இருக்கிறது. கிழங்கின்மேல் வளர்ந்த ஆண்டுகளில் பி.சி.ஜி. அந்தத் தொகுதியை இழந்துவிட்டது என்பதை 1990-களில்தான் அறிஞர்கள் கண்டனர். ஆயினும் இந்த உவமை முழுதும் சரியன்று. திரியில்லாத வெடி சும்மா கிடக்கும். பி.சி.ஜி.யோ உயிருள்ள கிருமி. உயிரோடு இருப்பதால்தான் செல்கள் அதை மெய்யான பகைவனாக எண்ணிப் பாடம் கற்கின்றன. மிகவும் நலிந்த எதிர்ப்பாற்றல் உடைய குழந்தைக்கு அதைக் கொடுக்கலாகாது என்பதும் அதனால்தான்.

1928-க்குள் பிரான்சில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பி.சி.ஜி. பெற்றிருந்தனர். மாசு குறைந்தது, மரணம் குறைந்தது என்று கால்மெட் கணக்குகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் கிரீன்வுட் அக்கணக்குகளைக் கடுமையாகக் குறை கூறினார். தடுப்பு மருந்து பெற்ற குழந்தைகளும் பெறாத குழந்தைகளும் ஒரே வகையான வீடுகளில் வளர்ந்தவர்களா என்பது தெரியாமல் ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்? கால்மெட்டிடம் அதற்குத் தக்க விடை இல்லை. இதை மறைக்காமல் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

பின்னர் வந்தது பேரிடி. 1930-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஏறத்தாழ 250 பச்சிளங் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. என்று நம்பி மருந்து புகட்டப்பட்டது. சில வாரங்களில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக நோயுற்றனர். 70-க்கும் மேற்பட்டவர்கள் காசநோயால் இறந்தனர். பாரிசிலிருந்து வந்த விதைக்கிருமியே கொன்றது என்று உலகமெங்கும் கூச்சல் எழுந்தது. கொடுமை குறைந்த கிருமி மீண்டும் கொடியதாகிவிட்டது என்றனர் சிலர். வேறு மருத்துவர்கள் நெடுநாள் ஆராய்ந்து உண்மையைக் கண்டனர். லூபெக் ஆய்வகத்தில் மெய்யான காசநோய்க் கிருமியையும் வளர்த்து வைத்திருந்தனர், அது பி.சி.ஜி.யோடு கலந்துவிட்டது. 1932-இல் வழக்கு முடிந்து அங்குள்ள மருத்துவர் இருவர் சிறைத்தண்டனை பெற்றனர். கால்மெட்டின் மீது குற்றமில்லை என்று தெளிவாயிற்று. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் அவரை உருக்குலைத்துவிட்டன. 1933 அக்டோபர் 29-ஆம் நாள் பாரிசில், 70-ஆம் வயதில் அவர் காலமானார். பிழைத்த குழந்தைகள் அவருடைய புகழைப் பாடவில்லை. தாங்கள் பிழைத்ததே அவர்களுக்குத் தெரியாது. தடுப்பு மருந்து கண்டவர்களின் விதி அது போலும்.

அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின் பி.சி.ஜி. நம் நாட்டுக்கு வந்தது. 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. 1951 முதல் நாடு முழுவதும் ஊசி போடும் இயக்கம் நடந்தது. 1955-இல் மூதறிஞர் இராஜாஜி இதை எதிர்த்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை, போதிய சான்றின்றி, நலமாயிருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் செலுத்துவதா என்பது அவருடைய கவலை. அரசாங்கம் இயக்கத்தை நிறுத்தவில்லை. ஆனால் சான்று எங்கே என்ற கேள்வியும் மறையவில்லை. கிரீன்வுட் கேட்டதும் அதுதானே!

விடை நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் மாபெரும் சோதனை ஒன்று தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சிலருக்குப் பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது குறியீடாக மறைத்து வைக்கப்பட்டது. 1979-இல் முதல் முடிவும், 15 ஆண்டுத் தொடர் கவனிப்பின் முடிவு 1999-இலும் வெளியாயின. பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை! நம் ஊர் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவுக் கிருமிகள் ஏராளம். அவற்றிடம் ஏற்கெனவே பழகிவிட்ட செல்களுக்குப் பி.சி.ஜி. புதிய பாடம் எதையும் கற்பிக்கவில்லை என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறார்கள்? அந்த உறவுக் கிருமிகளிடம் இன்னும் பழகாத பச்சைக் குழந்தைக்குப் போடும்போது, மூளைக்காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவியும் வரும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது. இது பல நாடுகளில் உறுதிப்பட்ட உண்மை. குழந்தைக்குக் கேடயம், பெரியவருக்குக் கேடயம் அன்று. கையில் வடு இருக்கிறதே என்று எண்ணி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை மருந்துத் தூசி என்று ஒதுக்கும் எங்கள் ஊர் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதிக்கவும் மாத்திரை பெறவும் காசு கேட்பதில்லை. மணமாகாத பெண்ணுக்கு இந்நோய் என்று தெரிந்தால் வரன் அமையாதென்று மறைக்கும் வீடுகளும் உண்டு. மாத்திரைகளை முறையாக உண்டால் முற்றிலும் குணமாகிற நோய் இது.

கால்மெட் விட்டுச் சென்ற இன்னொரு புதிரும் உண்டு. 1927 முதல் சுவீடனின் வடகோடியில் நாஸ்லுண்ட் என்னும் மருத்துவர் பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. கொடுத்துவந்தார். பெற்ற குழந்தைகளிடையே மரணம், பெறாதவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. முதல் ஆண்டில் காசநோயால் மட்டும் அத்தனை குழந்தைகள் இறப்பதில்லை. அப்படியானால் பி.சி.ஜி. வேறு நோய்களிலிருந்தும் காக்கிறதோ? கால்மெட்டும் 1931-இல் அதே ஐயத்தை எழுப்பினார். இதுவும் சரியான ஒப்பீடு அன்று என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கியதில் நியாயமும் இருந்தது.

எண்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல், நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியா என்பவரின் குழுவினர் பி.சி.ஜி. பெற்றவர்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். டி செல்கள் போன்றவற்றுக்கு மட்டுமே நினைவு உண்டு, முதலில் ஓடிவரும் விழுங்கு செல்களின் இனத்துக்குக் கிடையாது என்பதே அதுவரை பாடம். அக்குழுவினர் கண்டது வேறு. பி.சி.ஜி.க்குப் பின் அச்செல்கள், காசநோயோடு தொடர்பே இல்லாத கிருமிகளைக் கண்டபோதும் முன்னைவிட வலுவாக எதிர்த்தன. மரபணுக்கள் மாறவில்லை. அடிக்கடி புரட்ட வேண்டிய பக்கத்தை நாம் மடித்து வைப்பதுபோல, தேவையான மரபணுக்கள் எளிதில் திறக்கும்படி அடையாளமிடப்பட்டிருந்தன. விழுங்கு செல்களாக மாறவிருக்கும் அந்த இரத்தச் செல்கள் சில நாள்களே வாழ்பவை. ஆனால் அவற்றைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சையிலும் மாற்றம் நிகழ்வதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல் என்று இதற்குப் பெயரிட்டுள்ளனர். இதை அளவுக்கு மீறிப் போற்றவும் கூடாது. கொரோனாவைப் பி.சி.ஜி. தடுக்குமா என்று ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் மருத்துவப் பணியாளர்களிடையே நடந்த பெரிய சோதனை, தடுக்கவில்லை என்று 2023-இல் முடிவு கூறியது.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் வேறு பெயரில் தொடங்கியது. மருத்துவமனையில் சேராமல் வீட்டிலிருந்தே மாத்திரை உண்டும் காசநோய் குணமாகும் என்று உலகுக்குக் காட்டிப் புகழ் பெற்றது. கொரோனா பரவிய 2020-இல் அந்நிறுவனத்தார் 60 முதல் 80 வயதான முதியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டு, ஒரு மாதம் கழித்து அவர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். நினைவுச் செல்கள் பெருகியிருந்தன. உடலில் வீண் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைந்திருந்தன. அந்தப் பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் போடப்பட்டது, 1908-இல் லீல் நகரில், பித்தத்தில் வெந்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் கால்மெட்டும் கெரினும் வளர்க்கத் தொடங்கிய அதே கிருமியின் வழித்தோன்றல்.